பி.நா. சிந்துபூந்துறை 1184 தை

வாடகைக்குப் போய்த் திரும்பிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் வயிற்றில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறாள் நாயகியக்கா. ணங்கென்று இழுத்து ஒலித்தால் அது உள்ளே போகலாம். சத்தம் பாதியில் அறுந்தால் எங்கோ கீறல். லோடு ஆட்டோக்காரர் பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப் போல் ஓரமாக நிற்கிறார்.

"இதக் கீழ போட்டுருக்காவ. அடுப்புல இருந்து இறக்கும்போது கை நழுவிருக்கு. கேட்டுப் பாருங்க, ஒண்ணுமே நடக்கல, சாம்பார்தான் கொதிச்சுதும்பாவ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்துக்கு நகர்கிறாள். ஆட்டோக்காரர் வாயே திறப்பதில்லை. திறந்தால் கரண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் சிந்துபூந்துறை. அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் முகூர்த்த நாள் பார்ப்பார்கள். அடுத்து, அந்த நாளில் நாயகியக்காவிடம் பெரிய வார்ப்பு காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊரே உண்ணும் சாம்பாரை ஒரே கொதியில் இறக்கும் பாத்திரம் அது. வார்ப்பு இல்லை என்று முகூர்த்தத்தை மாற்றிய வீடுகளும் உண்டு.

முழுப் பெயர் பிரம்மநாயகி. ஐம்பதைத் தாண்டியவள். பழைய சைவக் குடும்பம். வயலெல்லாம் கைவிட்டுப் போன பிறகு மாமனார் தொடங்கிய வாடகைப் பாத்திரக் கடையை, மருமகளாக வந்த கொஞ்ச காலத்திலேயே இவள் கையில் எடுத்துக்கொண்டாள். கணவர் பெயர் பாபநாசம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மனைவியிடம் நாற்காலி எண்ணும் வேலையில் இருக்கிறார். பேங்கில் இருந்ததைவிட இங்கேதான் பயம் அதிகம் என்று நண்பர்களிடம் சொல்வாராம்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கிறுக்கு என்று அவளே ஒத்துக்கொள்வாள். கைக்கு வந்த எந்தப் பொருளிலும் பேர் வெட்டாமல் அவளுக்கு உறக்கம் வராது. வாடகைப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது எல்லாக் கடைக்காரரும் செய்வதுதான். ஒரே பந்தியில் இரண்டு மூன்று கடைச் சாமான் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வேறு வழி கிடையாது. ஆனால் நாயகியக்கா பாத்திரத்தோடு நிற்பவள் இல்லை. மிக்சியிலும் கேஸ் அடுப்பிலும் மின்விசிறியின் இறக்கையிலும் ஸ்கூட்டரின் மட்கார்டிலும் பாபநாசத்தின் கண்ணாடிக் கூட்டிலும் அதே எழுத்துகள்தான்: 'பி.நா. சிந்துபூந்துறை', அதன் கீழே வருடமும் மாதமும். "அசந்து தூங்கிராதிய அண்ணாச்சி, முதுகுல வெட்டிருவாவ" என்று லோடு ஏற்றுகிறவர்கள் பாபநாசத்தைக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

வருடம் என்றால் இங்கிலீஷ் வருடம் இல்லை, கொல்லம் ஆண்டு. இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளின் மேல் ஓரத்தில் அது இன்னமும் அச்சாகிறது, யாரும் படிப்பதில்லை. நாயகியக்கா மட்டும் மாமனார் காலத்து வழக்கத்தை விடாமல் அந்த வருடங்களிலேயே வாழ்கிறாள். ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "இங்கிலீசு வருசம் மார்கழி நடுவுல பொறக்குது. கல்யாணமே இல்லாத மாசத்துல பொறந்த வருசம் என்ன வருசம்? கொல்லம் ஆவணியில பொறக்கும். முகூர்த்தத்தோட வரும்."

இந்தக் கிறுக்கைக் கேலி செய்தவர்களின் வாயை ஒரு முறை ஆறே அடைத்தது. இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழி மழையில் தாமிரபரணி கரையேறி குடோனுக்குள் வந்து, அண்டாக்களை மிதக்கவிட்டுக் கையோடு கூட்டிப் போய்விட்டது. நாயகியக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வடிந்த பிறகு தகவல் வரத் தொடங்கியது. சீவலப்பேரியில் ஒரு கொப்பரை கரை ஒதுங்கியிருக்கிறது. முறப்பநாட்டில் வாழைத் தோட்டத்துக்குள் ஒரு அண்டா கிடக்கிறது. சிந்துபூந்துறை பி.நா. என்றால் ஆற்றோரத்துச் சமையல்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பேர் இருந்ததால் சாமான் பிழைத்தது.

அப்போது தன் கடையைப் போட்டுவிட்டு, லோடு ஆட்டோ பிடித்து, சேற்றில் இறங்கி, ஊர் ஊராகப் போய் அத்தனையையும் ஏற்றி வந்தவன் ஃபர்ஹத். வண்ணார்பேட்டையில் போன் கடை வைத்திருப்பவன். வந்து இறங்கியவனின் முழங்கால் வரை சேறு. நாயகியக்கா அவனைப் படியில் உட்காரவைத்தாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலில் தானே ஊற்றினாள். அன்றிலிருந்து அவன் இந்த வீட்டுக்குத் தம்பி.

அவனுக்கும் அவளுக்கும் பழக்கம் அதற்கு வெகு காலம் முன்பே உண்டு. டவுண் ரத வீதியில் ஒரு கடையில் ஃபர்ஹத் விற்பனைப் பையனாக நின்ற நாட்களில், நாயகியக்கா போய்ச் சத்தம் போட்டாள். "உங்க போனு ஒண்ணும் பாத்திரச் சத்தத்துல கேக்க மாட்டேங்கு. ஆர்டர் கொடுக்க வந்தவன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு வேற கடைக்குப் போயிருதான்." ஃபர்ஹத் கண்ணாடிப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கம்பெனிப் பேர் யாருக்கும் தெரியாத, 'கொரியன் செட்டு' என்று அப்போது கடைக்காரர்கள் சொல்லிய ரகம். கொரியாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு புத்தி இருந்தது. அமைதியான இடத்தில் கிணுகிணுவென்று பைய அடிக்கும். சுற்றிலும் இரைச்சல் என்றால் தானாகவே தொண்டையைத் திறந்துகொள்ளும்.

வாங்கிய கையோடு அதன் இரும்புப் பின்மூடியைக் கழற்றி, பாத்திரக் கடைத் தெருவில் உட்கார்ந்து உளியால் பேர் வெட்டும் சுடலைமாடனிடம் கொடுத்தாள். வெட்டியாயிற்று: 'பி.நா. சிந்துபூந்துறை 1184 தை'. அன்றுமுதல் அந்தச் செட்டைத்தான் இடுப்பில் செருகியிருந்தாள். பேட்டரி உப்பி, மூடி நிற்காமல், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய செட்டு. குடோனில் பாத்திரம் இறங்கும்போது அது அலறினால் ஆற்றில் குளிப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். "மதினி, உன் செட்டு கூப்பிடுது" என்று அடுத்த தெருவிலிருந்து குரல் வரும்.

இதெல்லாம் ஊர்க்கதை. இந்த ஊர்க்கதைக்குள்தான் டெல்லியிலிருந்து ஒரு வழக்கு வந்து விழுந்தது.

உலகம் முழுக்கப் போன் விற்கும் இரண்டு கம்பெனிகளுக்குள் சண்டை. அவர்களின் பேர் நாயகியக்காவின் வாயில் நுழையாமல் இல்லை. பேர் சொல்லிப் பேசுகிற அளவுக்கு அவர்கள் பெரிய மனிதர்களாக அவளுக்குப் படவில்லை. முதலில் தொழிலுக்கு வந்தவன் மூத்தவன், பின்னால் வந்தவன் இளையவன், அவ்வளவுதான். சத்தத்துக்குத் தக்கபடி போன் தானாக மணியைக் கூட்டிக் குறைக்கும் வித்தை தன்னுடையது, இரண்டாயிரத்துப் பதினொன்றிலேயே அதற்குக் காப்புரிமை கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன், இளையவன் அதைத் தன் போன்களில் போட்டு விற்கிறான் என்பது மூத்தவனின் வழக்கு. தீர்ப்பு வரும்வரை இளையவனின் புதுப் போன்களை விற்கக்கூடாது என்று கோர்ட்டு இடைக்காலத் தடை போட்டது.

போட்டது டெல்லியில், அடி விழுந்தது வண்ணார்பேட்டையில். ஃபர்ஹத் அப்போதுதான் தன் சின்னக் கடையை இடித்துப் பெரிதாக்கி, இளையவனின் போன்களை மட்டும் விற்கும் ஷோரூமாக மாற்றியிருந்தான். திறப்பு விழாத் தோரணம்கூட இன்னும் அவிழவில்லை. உள்ளே பெட்டி பெட்டியாகச் சரக்கு, ஒன்றையும் தொட முடியாது. வருகிறவர்களிடம் "இன்னும் பத்து நாள்ல வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அந்த வாக்கியம் கசந்துவிட்டது. வீட்டில் மனைவி பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்திருந்தது. சவூதியில் தம்மாமில் இருக்கும் மைத்துனன் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொல்கிறான்.

"தடை நிரந்தரமாயிட்டா நான் பொட்டியக் கட்ட வேண்டியதுதான் யக்கா" என்றான் ஃபர்ஹத், கவிழ்த்துப் போட்ட ஒரு போணிப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்து.

நாயகியக்காவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "ஏலே, அது என்ன புதுசாக் கண்டுபிடிச்சானாம்? எஞ் செட்டு எத்தன வருசமாக் கத்துது!"

சொன்னவளுக்கும் அது உறைக்கவில்லை, கேட்டவனுக்கும் உறைக்கவில்லை. மறுநாள் இளையவனின் கம்பெனியிலிருந்து தங்கள் கடைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு செய்தி வந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றுக்கு முன்பே, இரைச்சலில் தானாக மணியைக் கூட்டும் போன் ஏதாவது உங்கள் ஊரில் விற்றதுண்டா? இருந்தால் படம் அனுப்பவும். ஊரில் முன்பே புழங்கிய ஒன்றைப் பிறகு வந்து எவனும் தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கொண்டாட முடியாது என்பது சட்டம். ஃபர்ஹத் அதைப் படித்து முடிக்கவில்லை. ஷோரூமைத் திறந்தபடியே போட்டுவிட்டு, கொக்கிரகுளம் பாலத்துப் பக்கம் ஸ்கூட்டரைத் தவறாகத் திருப்பி, மறுபடியும் திரும்பி, சிந்துபூந்துறைக்குப் பறந்தான்.

"யக்கா! செட்டு! செட்ட எடு!"

"யாருலே கூப்பிடுதா?"

"உலகமே கூப்பிடுது யக்கா!"

முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து அனுப்பினான். இரண்டு பேரும் அன்று சாப்பிடவில்லை. வந்த பதில் சப்பென்று இருந்தது. நன்றி, மாடல் நம்பர் 1184 என்று குறித்துக்கொண்டோம், அப்படி ஒரு மாடல் எங்கும் பதிவில் இல்லை, வாங்கிய தேதிக்கு ஆதாரம் உண்டா? நாயகியக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. "மாடல் நம்பராம்! எம் மாமனார் கேட்டுருந்தா எந்திரிச்சு வந்துருப்பாரு" என்றாள்.

அவள் விளக்கம் எழுதி அனுப்பச் சொல்வதற்குள்ளேயே சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. இளையவனுக்காக வாதாடும் வக்கீல்களில் ஒருத்தி, பிரியதர்ஷினி. பாளையங்கோட்டைப் பெண். அந்தப் படத்தைத் தன் மேசையில் பார்த்ததும் நாற்காலியை விட்டுத் துள்ளியிருக்கிறாள். போன தையில் அடித்த அவள் கல்யாணப் பத்திரிகையின் மேல் ஓரத்திலும் இதே மாதிரி ஒரு நாலிலக்கம் இருந்தது. அச்சுப் பிழையோ என்று தாத்தாவிடம் சண்டை போட்டவள் அவள்தானாம்.

"அம்மா, 1184 கொல்லமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"ஆமா தாயி. தை மாசம்."

"அப்படின்னா ரெண்டாயிரத்து ஒம்பது ஜனவரி! மூத்த கம்பெனி எழுதிக் கேக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி! அம்மா, அத யாருக்கும் குடுத்துராதீங்க. நான் வாறேன். இப்பவே கெளம்புதேன்." இதுவரை சென்னைத் தமிழில் இருந்தவள் கடைசி வரியில் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டாள்.

அவள் வருவதற்கு முன்பே வேறொருவர் வந்தார். பெரிய காரில், நல்ல சட்டையில், பழைய போன் சேகரிக்கும் பழக்கம் உள்ளவர் என்று சொல்லிக்கொண்டு. அந்தச் செட்டுக்கு என்ன விலை சொன்னாலும் சரி என்றார். நாயகியக்கா அவருக்கு மோர் கொடுத்தாள். "இங்கன விக்கதுன்னு ஒண்ணும் கெடையாது. எல்லாம் வாடகைதான். வீட்டுல விசேசம்னா சொல்லுங்க, பெரிய வார்ப்பு வைகாசியில காலியா இருக்கு" என்று அனுப்பிவைத்தாள். அவர் யார், யார் அனுப்பி வந்தார் என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து செட்டை இடுப்பிலிருந்து எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பாபநாசம் வாசல் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கி வந்தார். அதில் பேர் வெட்டிய பிறகுதான் மாட்டினார்கள்.

கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. மகேஸ்வரன் என்று ஓய்வு பெற்ற நீதிபதி, நேரில் வந்து செட்டைப் பார்த்துச் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டியவர். வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டலில் குளிர்சாதன அறை பேசியிருந்தார்கள். நாயகியக்கா முடியாது என்றுவிட்டாள். "செட்டு குடோனுக்காக வாங்குனது. குடோன்லதான் கத்தும்." கடைசியில் கமிஷனர், இரு தரப்பு வக்கீல்கள், டைப் அடிப்பவர், கேமராக்காரர் எல்லாரும் அண்டாக்களுக்கு நடுவே வாடகை நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். தெருவில் பாதிப் பேர் சன்னலில். பந்தல் போடாத குறைதான்.

மூத்தவனின் வக்கீல் சென்னைக்காரர். மரியாதை தெரிந்த மனிதர், ஆனால் ஊசி போலக் கேட்பார். செட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த எழுத்தைப் போன வாரம்கூட வெட்டியிருக்கலாம் இல்லையாம்மா?"

"வெட்டலாமே. ஆனா இது சுடலைமாடன் கை. அவரு 1185 மாசியில செத்துப் போனாரு. போன வாரம் அவர எழுப்பியா கூட்டியாந்தேன்?"

சன்னல் பக்கம் சிரிப்பு. கமிஷனர் கையை உயர்த்தி அடக்கினார். நாயகியக்கா எழுந்து எல்லாரையும் குடோனுக்குள் நடத்திக்கொண்டு போனாள். சுடலைமாடன் உளி வைத்துப் புள்ளி புள்ளியாகக் குத்துவார். அவருடைய 'பி'யின் கொண்டை மட்டும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அவர் இறந்த பிறகு நாயகியக்கா கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று வாங்கித் தானே வெட்டுகிறாள். அது நூல் மாதிரி மெல்லிய கோடு. பழைய வரிசை முழுக்கப் புள்ளி எழுத்து, புது வரிசை முழுக்க நூல் எழுத்து. 1184 என்று வெட்டிய பாத்திரங்கள் மட்டுமே ஒரு சுவர் நிறைய இருந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் செட்டின் மூடியை ஒரு தேக்சாவின் பக்கத்தில் பிடித்து, வியர்வை சொட்டச் சொட்ட வெகுநேரம் பார்த்தார். சுடலைமாடனின் மகன் கொடுத்த இறப்புச் சான்றிதழையும் பார்த்தார். "சரி, செட்டு வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்றார்.

அதுதான் எல்லாருக்கும் உள்ளூரப் பயமாக இருந்தது. செட்டு எப்போதும் கத்தும், ஆனால் இன்று கத்த வேண்டுமே! ஃபர்ஹத்தின் உதடு அசைந்துகொண்டே இருந்தது, துஆ ஓதுகிறான் போல. மின்விசிறியை நிறுத்தினார்கள். ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் துண்டை விரித்துச் செட்டை வைத்தார்கள். ஃபர்ஹத் தன் போனிலிருந்து கூப்பிட்டான். கிணுகிணு, கிணுகிணு. பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய சத்தம். கமிஷனர் தலையசைத்தார்.

"இப்போது சத்தம் எழுப்புங்கள்."

இரண்டு ஜூனியர் வக்கீல்கள் ஆளுக்கொரு கரண்டியால் ஒரு தாம்பாளத்தைத் தட்டினார்கள். டிங், டிங். செட்டு கிணுகிணுவென்றே அடித்தது. இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். அதே கிணுகிணு. பிரியதர்ஷினியின் முகம் வெளுத்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார். ஃபர்ஹத் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தான். தம்மாம் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

நாயகியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "இது என்ன, சாமிக்கு மணியா ஆட்டுதிய? எஞ் செட்டு இதையெல்லாம் சத்தம்னே எடுத்துக்கிடாது!" என்று எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கமிஷனரைப் பார்த்துக் கும்பிட்டு, "அய்யா கொஞ்சம் காதப் பொத்திக்கிடுங்க" என்றாள். வெளியே நின்ற லோடுமேன்களைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாள். "லே! கல்யாண வீட்டு லோடு இறக்குங்கலே!"

அவர்கள் இதற்காகவே பிறந்தவர்கள். லோடு ஆட்டோவின் பின்கதவு திறந்தது. வாளிகள் உருண்டன. கொப்பரைகள் ஒன்றின் மேல் ஒன்று மோதின. ஜல்லிக்கரண்டிகள் ஒரு சாக்கோடு கொட்டின. நாயகியக்கா தன் கையாலேயே அந்தப் பெரிய வார்ப்பைச் சாய்த்துச் சிமெண்டுத் தரையில் உருட்டிவிட்டாள். குடோனே அதிர்ந்தது.

செட்டு அலறியது. துண்டின் மேலேயே நடுங்கி நகர்ந்து, ரப்பர் பேண்டு துடிக்க, அத்தனை பித்தளையையும் வெண்கலத்தையும் மீறி அலறியது. சன்னலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். டைப் அடிப்பவர் அடிப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். பிரியதர்ஷினி பக்கத்தில் இருந்த பாபநாசத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"எக்கோ! இந்த இடத்தில் எதிரொலி!" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கத்தினார். அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. நாயகியக்காவுக்கு உதட்டசைவிலேயே புரிந்துவிட்டது. பாத்திரச் சத்தத்திலேயே குடும்பம் நடத்தியவள் அல்லவா? கையை உயர்த்தினாள். "நிப்பாட்டுங்கலே!"

எல்லாம் நின்றது. கடைசி வாளி உருண்டு சுவரில் இடித்து ஓய்ந்தது. அந்த அமைதியில் செட்டு மட்டும் ஒரு முறை அலறி, அடுத்த முறை கொஞ்சம் குறைந்து, அதற்கடுத்து இன்னும் குறைந்து, கடைசியில் பழையபடி கிணுகிணு, கிணுகிணு என்று பைய அடித்துக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை செய்ய முடியுமா என்று கேட்டார். "விடிய விடியச் செய்வோம் அய்யா" என்றாள் நாயகியக்கா. லோடுமேன்கள் ஏற்கெனவே ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு கமிஷனர் போதும் என்று காதைத் தடவிக்கொண்டார். செட்டை ஒரு உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றார். நாயகியக்கா அதைக் கையில் எடுத்து, பின்மூடியில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வாடகைச் சாமான் அய்யா இது. போனபடிக்கு வரணும். எப்ப வரும்?"

"வழக்கு முடிகிற வரை கோர்ட்டில்தான் இருக்கும்மா. மேல்முறையீடு என்று போனால் வருஷக்கணக்கில் ஆகும். திரும்பாமலும் போகலாம்."

இதை அவளுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. திரும்பி வரும் நாள் தெரியாமல் ஒரு கரண்டிகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. கோயிலுக்குப் போனாலும் ஆற்றுக்குப் போனாலும் இடுப்பில் கிடந்த செட்டு. அவள் ஃபர்ஹத்தைப் பார்த்தாள். வேண்டாம் யக்கா என்று அவன் வாய் சொல்லத் திறந்தது, சொல்ல முடியாமல் மூடியது. வெள்ளத்து நாளில் அவன் முழங்காலில் ஒட்டியிருந்த சேறு அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"கொண்டு போங்க" என்றாள். "பேட்டரி உப்பிருக்கு. ரப்பர அவுத்துராதிய."

மாசி பிறந்து சில நாளில் உத்தரவு வந்தது. இந்த வித்தை முன்பே மக்களிடையே புழங்கியிருக்கிறது என்று நம்ப முகாந்திரம் இருப்பதால் தடை விலக்கப்படுகிறது. வழக்கு இன்னும் நடக்கும், மூத்தவன் மேலே போவான், அதெல்லாம் அவர்கள் பாடு. வண்ணார்பேட்டையில் பெட்டிகள் உடைந்தன. வாடிப்போன தோரணத்தை அவிழ்த்துவிட்டு ஃபர்ஹத் புதுத் தோரணம் கட்டினான். தம்மாமுக்கு அவனே கூப்பிட்டு, மச்சானை ஊருக்கு வந்து கடையில் நிற்கச் சொன்னானாம்.

அன்று சாயங்காலமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு சிந்துபூந்துறைக்கு வந்தான். ஒரு கையில் அல்வா, இன்னொரு கையில் சின்னப் பெட்டி. உள்ளே இளையவனின் ஆக உயர்ந்த போன். முன்னும் கண்ணாடி, பின்னும் கண்ணாடி. கறுப்புத் தடாகம் மாதிரி பளபளத்தது. நாயகியக்கா அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தன் முகம் தெரிந்தது. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இதுவும் கத்துமாலே?"

"கத்தும் யக்கா. இதுக்குத்தான இவ்வளவு சண்டையும்."

அவள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பேர் வெட்டும் மெஷினை எடுத்து வந்து பிளக்கைச் சொருகினாள். ஃபர்ஹத் பிள்ளையை மனைவியிடம் தள்ளிவிட்டுப் பாய்ந்து வந்தான்.

"யக்கா, யக்கா! அது கண்ணாடி! வெடிச்சிரும்! கீறல் விழுந்தா பொறவு எவனும் எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்க மாட்டான்!"

"நான் எதுக்குலே மாத்தப் போறேன்? இன்னும் பதினஞ்சு வருசம் கழிச்சு இதுக்கு எவன் எவன் அடிச்சுக்கிடப் போறானோ" என்று சொல்லி, போனைக் கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்தாள். மெஷின் வண்டு மாதிரி இரைந்தது. ஃபர்ஹத் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பாபநாசம் விளக்கைப் பக்கத்தில் பிடித்தார். பி.நா., பிறகு சிந்துபூந்துறை, பிறகு 1201 மாசி. வெடிக்கவில்லை. மெஷினை நிறுத்தி, வெள்ளைப் பொடியை வாயால் ஊதினாள். போனைக் காதருகே கொண்டுபோனாள். விரல் முட்டியால் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.